ஆறு வழிவிட்டால்தான் வீதி

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போகிறவர் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, மாவடிவேம்பு என்று ஊர் ஊராகக் கடந்து, ஏறத்தாழ இருபது கிலோமீற்றரில் சித்தாண்டியை அடைவார். அங்கே மேற்கே திரும்பினால் வயல்வெளி. அதற்குள் இறங்கும் வீதி சந்தனமடு ஆற்றைக் கடந்து பெருமாவெளி, ஈரளக்குளம் பக்கம் போகிறது. ஆடி மாதத்தில் அந்த வழியில் புழுதி பறக்க மோட்டார் சைக்கிளில் போய் வரலாம். மார்கழியில் அதே வழிக்குத் தோணி வேண்டும். வடக்கே கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் வீதியின் கதையும் இதுதான். வெள்ளம் ஏறினால் படகு, சற்று வடிந்தால் உழவு இயந்திரம், காய்ந்தால் மற்ற வாகனங்கள்.

இதை ஒரு பின்தங்கிய பகுதியின் வசதிக்குறைவு என்று மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். மறுபாதி ஆற்றிலும் மணலிலும் காற்றிலும் இருக்கிறது. இந்தக் கரையோரத்தில் ஒரு வழி எங்கே போகிறது என்று கேட்டால் போதாது. எந்த மாதத்தில் போகிறது என்றும் கேட்க வேண்டும். முன்னோர் இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள். தார் வீதி வந்த பிறகு நாம் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டோம். ஆண்டுதோறும் வெள்ளம் நமக்கு இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மணல் போட்ட வழி

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைய மட்டத்துக்குச் சுமார் 120 மீற்றர் கீழே கிடந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தைத் தொட்டு, சற்று மேலேயும் நின்று, பிறகு தணிந்தது. அந்தக் காலத்தில் கிழக்கிலங்கை ஆறுகளின் தாழ்ந்த வாய்ப்புறங்களுக்குள் கடல்நீர் புகுந்தது. ஆறுகள் கொண்டுவந்து தள்ளிய மணலை அலைகள் எடுத்துக் கரையோரமாகப் பரப்பின.

அலை கரையில் நேராக மோதுவது அரிது. சாய்வாக வந்து ஏறும். ஏறும்போது மணலையும் சாய்வாகவே மேலே கொண்டுபோகும். திரும்பும் நீரோ சரிவைப் பார்த்து நேராகக் கீழே இறங்கும். ஒவ்வோர் அலையிலும் ஒரு மணல்துகள் இப்படி ஏறி இறங்கும்போது கரையோரமாகச் சிறிது தூரம் நகர்ந்துவிடும். ஒரு நாளில் வந்து மோதும் அலைகள் பல்லாயிரம். அந்தச் சிறு நகர்வுகள் நூற்றாண்டுகளில் கூடி, நீண்ட மணல் திட்டுகளாகின. திட்டுக்கும் உள்நிலத்துக்கும் நடுவே அடைபட்ட நீர் வாவியாயிற்று. வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியும், வடக்கே வாழைச்சேனை வாவியும், அதற்கும் அப்பால் பனிச்சங்கேணிப் பக்கத்து வாவியும் இப்படி அமைந்தவையே.

போக்குவரத்தின் வரைபடத்தை இந்த மணல்தான் வரைந்தது. திட்டு வடக்கு தெற்காகக் கிடப்பதால் அதன் முதுகில் நடப்பவருக்குக் கால் நனையாது. ஆறோ வாவியோ கடலோடு சேரும் வாய்களில் மட்டும் வழி அறுபடும். கிழக்கு மேற்காகப் போகிறவருக்கு நிலைமை வேறு. வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்கு வாவியைத் தாண்டாமல் போக முடியாது. அதனால்தான் வடக்கே போகும் பெருவழி மேட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்களைக் கோத்தது. மேற்கே போகும் வழிகள் துறைகளில் வந்து முடிந்தன.

சித்தாண்டி இந்த வரைபடத்தில் ஒரு நுட்பமான இடத்தில் இருக்கிறது. தெற்கே மட்டக்களப்பு வாவியின் வடகோடி, வடக்கே வாழைச்சேனை வாவி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தாழ்ந்த வெளியை நோக்கித்தான் முந்தனை ஆறு வருகிறது. அதன் நீரேந்து பரப்பு 1,280 சதுர கிலோமீற்றர். அடுத்துள்ள மாதுறு ஓயாவுக்கு 1,541. மகாவலிக்குப் பத்தாயிரத்துக்கு மேல். அந்த அளவில் முந்தனை சிறிய ஆறுதான். ஆனால் அதன் கடைசிப் பகுதியில் நிலம் தட்டையானது. பெருவெள்ளத்தில் நீர் ஒரே தடத்தில் நிற்காது. வடக்கு வாவிப் பக்கமும் தெற்கு வாவிப் பக்கமும் பிரிந்து பரவும். நடுவில் உள்ள மேட்டில் ஊரும் வீதியும் புகையிரதப் பாதையும் இருக்கின்றன.

கடல் மூடும் வாய்

மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று ஈரத்தை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வறண்டு வருகிறது. ஆறுகள் ஒடுங்கி, சில இடங்களில் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கின்றன.

ஓர் ஆற்றுவாய் திறந்திருப்பதும் மூடுவதும் இரண்டு விசைகளின் இழுபறியால் முடிவாகிறது. உள்ளிருந்து வெளியேறும் நீர் மணலைக் கடலுக்குள் தள்ளுகிறது. வெளியிலிருந்து வரும் அலை மணலை வாய்க்குள் தள்ளுகிறது. வற்றுப்பெருக்கு பெரிதாக உள்ள நாடுகளில் நாளுக்கு இருமுறை உள்ளேயும் வெளியேயும் பாயும் கடல்நீரே வாயைச் சுத்தமாக வைத்திருக்கும். இலங்கைக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆகவே ஆற்றில் நீர் ஒடுங்கியதும் அலையின் கை ஓங்கிவிடும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நடைமேடை உருவாகிறது.

மாரி வந்ததும் எல்லாம் தலைகீழாகும். அடைபட்ட வாய்க்குப் பின்னால் நீர் ஏறும். மணல்மேட்டை நீர் தானாக உடைக்கும், அல்லது மக்கள் வெட்டிவிடுவார்கள். மண்வெட்டியாலோ இயந்திரத்தாலோ ஓர் ஒடுங்கிய வாய்க்கால் வெட்டினால் போதும். அதன் வழியே விரையும் நீர் கரைகளை அரித்துத் தானே வாயை அகலப்படுத்திக்கொள்ளும். எப்போது வெட்டுவது என்பதில்தான் சிக்கல். பிந்தினால் வயல் அழுகும், வீடுகளுக்குள் தண்ணீர் வரும். முந்தினால் வாவி நீர் குறைந்து, உப்பு ஏறி, இறால் மீன் வளர்ச்சி பாதிக்கப்படும். அதனால்தான் ஆற்றுவாய் வெட்டும் முடிவை விவசாயிகள், மீனவர்கள், அதிகாரிகள் கூடிப் பேசி எடுக்கிறார்கள். வாவியின் நீர்மட்டத்தைச் சில அங்குலங்கள் ஏற்றுவதும் இறக்குவதும் இங்கே வயல்காரனுக்கும் வலைகாரனுக்கும் இடையிலான நீதிக் கணக்கு.

நடந்தவர்களின் நாட்காட்டி

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் பாதயாத்திரையைப் பாருங்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாக இறங்கி, சித்தாண்டி, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டுக்குள் நுழைகிறது அந்த வழி. வழியில் உள்ள முருகன் கோயில்களின் இருப்பிடத்தைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். செல்வச்சந்நிதி தொண்டைமானாற்றங்கரையில். வெருகல் கோயில் மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றங்கரையில். சித்தாண்டிக் கோயில் முந்தனை ஆற்றின் தாழ்வெளி ஓரத்தில். கதிர்காமம் மாணிக்க கங்கைக் கரையில். நடையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு நீர்த்தடத்தில் வந்து இளைப்பாறுகிறது.

கதிர்காமத் திருவிழா பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வரும். அதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் வடக்கில் புறப்படுபவர்கள் கிழக்குக் கரையை அதன் மிக வறண்ட பருவத்தில் கடக்கிறார்கள். ஆறுகள் ஒடுங்கியிருக்கும், முகத்துவாரங்கள் பலவற்றில் மணல் கட்டியிருக்கும். மார்கழியில் அதே நடையைத் தொடங்கினால் முதல் சில துறைகளிலேயே நாட்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். பக்தி குறித்த நாளும் ஆறு குறித்த நாளும் இங்கே பொருந்தி நிற்கின்றன.

வறண்ட பருவத்தில் குடிநீர்? அதற்கும் மணல்தான் விடை. மணல் திட்டில் விழுந்த மழைநீர் கீழே இறங்கி, கடலிலிருந்து ஊறிவரும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரைவிட உப்புநீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது சாண் ஆழத்துக்கு நன்னீர் இருக்க முடியும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. கடலுக்கு அருகே ஆழமில்லாக் கிணற்றிலும், வறண்ட ஆற்றுமணலில் கையால் தோண்டிய ஊற்றிலும் குடிக்கத்தக்க நீர் கிடைப்பது இதனால்தான். அதே கணக்கு எச்சரிக்கையும் சொல்கிறது: மோட்டார் போட்டு மேலே ஒரு சாணை உறிஞ்சினால், கீழிருந்து நாற்பது சாண் உப்பு ஏறக் காத்திருக்கிறது.

ஆற்றைக் கடப்பது ஒரு கலை, ஆற்றோடு போவது இன்னொன்று. திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் சிறைப்பட்டிருந்தார். 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு தப்பியபோது, சில்லறை வியாபாரிகளைப் போல வடக்கே அனுராதபுரம்வரை போய், அங்கிருந்து மல்வத்து ஓயாவின் தடத்தைப் பிடித்தார். நாம் அருவி ஆறு என்று சொல்லும் அதே ஆறு. 164 கிலோமீற்றர் நீளமுள்ள அது மன்னார்க் கரையில் கடலைச் சேர்கிறது. ஒக்டோபர் மாதம், பெருமாரி தொடங்கும் முன், ஆற்றோரக் காட்டு வழியே இருவரும் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். கையில் வரைபடம் இல்லாதவனுக்கு ஆறு இரண்டு உறுதிகளைத் தருகிறது: ஓட்டத்தோடு போனால் கடல் வரும், போகும் வழியில் தாகத்துக்கு நீர் இருக்கும்.

உறைந்து வழியாகும் ஆறு

பூமியின் வடபுலத்திலும் ஆறும் வழியும் இதே பிணைப்பில் இருக்கின்றன. பருவம் மட்டும் மாறுகிறது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரம் லேனா ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. நகரத்தை மறுகரையோடு இணைக்கும் பாலம் இல்லாமலேயே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. கோடையில் மிதவைக் கப்பல் ஓடுகிறது. மாரிக்குளிரில் ஆறு தடித்த பனிக்கட்டியாக உறைய, லொறிகள் ஆற்றின் மேலேயே ஓடுகின்றன. பனி கட்டும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும்தான் அந்த நகரம் தனித்துப்போகிறது. கனடாவின் வடகோடியில் இனுவிக், டுக்டோயக்டுக் என்ற இரு ஊர்களை இணைத்த பனிவீதி 2017இல் கடைசி முறையாகப் பயன்பட்டது. அதே ஆண்டு நிரந்தர வீதி திறக்கப்பட்டது.

அவர்களுக்குக் குளிர் வழி திறக்கிறது, நமக்குக் கோடை. ஆனால் அவர்கள் பனியின் தடிப்பை அளந்து, இன்ன எடை வாகனம் இன்ன நாளிலிருந்து போகலாம் என்று அறிவிக்கிறார்கள். பருவம் மாறும் வாரங்களுக்கான உணவும் எரிபொருளும் முன்கூட்டியே சேர்க்கப்படுகின்றன. வழிக்குப் பருவம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நிர்வாகம் அது.

பாதை போய் பாலம் வந்தது

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு முன்னர் போனவர்கள் துறைக்குத் துறை இறங்கினார்கள். கிழக்கில் ‘பாதை’ என்று அழைக்கப்படும் மிதவையில் வாகனத்தை ஏற்றி, மறுகரையில் இறக்கி, அடுத்த துறைவரை ஓடி, மீண்டும் ஏற்ற வேண்டும். போர் முடிந்த பிறகு இந்தத் துறைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள் எழுந்தன. 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அப்போது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். ஓட்டமாவடியில் புகையிரதமும் வாகனங்களும் நெடுங்காலம் பகிர்ந்த பழைய பாலத்தின் அருகே வாகனங்களுக்கெனத் தனிப் பாலம் வந்தது. மண்முனைத் துறையில் வாவிக்குக் குறுக்கே 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்பட்டது. பிரசவ வலியோடு ‘பாதை’க்குக் காத்திருந்த பெண்களின் ஊர்களுக்கு இந்தப் பாலங்கள் என்ன பொருள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய ஆறுகளின் மேல் பெரிய பாலங்கள் வந்துவிட்டன. இப்போதைய இடர் சிறிய ஆறுகளிலும், அவற்றின் தாழ்வெளிகளைக் குறுக்கறுக்கும் கிராம வீதிகளிலும் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முந்தனை ஆற்றின் 1,280 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஒரே நாளில் 10 சென்ரிமீற்றர் மழை பெய்தால், விழுந்த நீர் 12 கோடியே 80 இலட்சம் கன மீற்றர். அதில் பாதியை மண்ணும் குளங்களும் பிடித்துக்கொள்வதாகவே வைத்துக்கொள்வோம். மீதி ஒரு நாளில் வெளியேற வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 740 கன மீற்றர் ஓட வேண்டும். நீர் நொடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் போனால் அதற்கு 370 சதுர மீற்றர் திறப்பு தேவை. மூன்று மீற்றர் உயரத் திறப்பு என்றால் அகலம் 120 மீற்றருக்கு மேல். கோடையில் வந்து பார்க்கிறவருக்கு அந்த இடத்தில் ஒரு சிறு ஓடை தெரியும். அந்த ஓடைக்கு அளவெடுத்து ஒரு மதகைப் போட்டுவிட்டால், மாரிக்கு அந்த வீதியே ஓர் அணையாகிவிடும்.

அந்த அணை எப்படி உடைகிறது என்பதை, வெள்ளம் மேலே வழிந்தோடத் தாழ்வாகப் போட்ட வீதித் துண்டான தாம்போதி ஒன்றின் ஓரத்தில் நின்று பார்க்கலாம். மேற்பக்கத்தில் நீர் அமைதியாகத் தேங்கி ஏறுகிறது. வீதியின் மட்டத்தைத் தொட்டதும் மெல்லிய தகடாக அதன் மேல் வழிகிறது. தார்ப்பரப்பில் தடையில்லாததால் வேகம் கூடி, கீழ்ப்பக்க விளிம்பில் குத்தென விழுகிறது. விழும் இடத்தில் சுழி. அந்தச் சுழி முதலில் புல்லை, பிறகு கிரவலை, பிறகு தாருக்கு அடியிலுள்ள மண்ணைத் தோண்டுகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு வீதி முழுதாக இருப்பதாகவே தோன்றும். அடியில் பாதி போயிருக்கும். வெள்ளத்தில் அறுந்த வீதிகள் பல நீர் வரும் பக்கத்தில் அல்ல, நீர் விழும் பக்கத்தில் தொடங்கி அறுந்தவை. அந்தப் பக்கச் சரிவைக் கல்லாலும் கொங்கிறீற்றாலும் காப்பது, வீதியை உயர்த்துவதைவிட முக்கியமான வேலை.

வீதியை வெறுமனே உயர்த்துவது மருந்தாகாது. திறப்புக் கூட்டாமல் உயரத்தை மட்டும் கூட்டினால், மேற்கே தேங்கும் நீர் இன்னும் உயர்ந்து, மேற்கிலுள்ள வயலுக்கும் வீட்டுக்கும் ஏறும். உடைந்தாலோ இன்னும் பலத்தோடு கிழக்கே பாயும். ஓர் ஊருக்கு வழி தந்து, பக்கத்து ஊரை மூழ்கடிப்பது அபிவிருத்தி ஆகாது.

முழங்கால் தண்ணீரின் பலம்

2024 நவம்பர் 26 அன்று, காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில், வெள்ளம் குறுக்கறுத்த வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சாவுகளை விதி என்று விட்டுவிடக் கூடாது. அவற்றின் பின்னால் உள்ள இயற்பியல் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரப்பட வேண்டும்.

உழவு இயந்திரப் பெட்டி ஒன்று மூன்று மீற்றர் நீளம், 1.8 மீற்றர் அகலம் என்று கொள்வோம். அடித்தட்டுக்கு மேலே ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் நீர் ஏறும்போதும், நீர் உள்ளே நிரம்பும் முன், 540 கிலோ எடையை நீரே தாங்கிக்கொள்ளும். 20 சென்ரிமீற்றரில் ஒரு தொன்னைத் தாண்டிவிடும். சில்லு நிலத்தை அழுத்தும் பாரம் அந்த அளவு குறையும்; பிடிமானமும் அதோடு குறையும். இதே நேரத்தில் பக்கவாட்டில் நீர் தள்ளுகிறது. அரை மீற்றர் ஆழத்தில், நொடிக்கு ஒரு மீற்றர் வேக நீர் அந்தப் பெட்டியைத் தள்ளும் விசை சுமார் 75 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி 300 கிலோவைத் தொடுகிறது. நேற்று தாண்டிய அதே ஆழத்தில் இன்று கவிழ்வதற்குக் காரணம் இதுதான். ஆழம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகத்தின் வர்க்கம் தெரிவதில்லை.

பருவத்தையும் சேர்த்து வரையும் வரைபடம்

சித்தாண்டிப் பக்கத்து மக்களுக்கு மாரியில் ஆறு எப்படி நடக்கும் என்று தெரியும். எந்த வயல் வட்டைக்குள் முதலில் நீர் ஏறும், எந்தத் தாம்போதியில் சுழி விழும், எத்தனை நாளில் வடியும் என்பதெல்லாம் வயல்காரர் வாய்மொழியில் இருக்கிறது. அதைப் பொறியியலாளரின் மேசைக்குக் கொண்டுபோவதே இப்போதைய தேவை.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக் காரியங்களாக மட்டும் இல்லை. வீதித் திட்டம் ஒவ்வொன்றிலும் மதகின் அகலத்துக்குப் பக்கத்திலேயே, எந்த அளவு மழைக்கு அது போதும் என்று ஊருக்குப் புரியும்படி எழுத வேண்டும். தாம்போதி ஒவ்வொன்றிலும் ஆழம் காட்டும் தூண் நட்டு, இந்தக் கோட்டுக்கு மேல் எந்த வாகனமும் இறங்கக் கூடாது என்று சிவப்பிட வேண்டும். படகுச் சேவை வெள்ளம் வந்த பிறகு தேடிப்பிடிக்கும் உதவியாக இல்லாமல், ஐப்பசியிலேயே படகும் ஓட்டுநரும் உயிர்காப்பு அங்கியும் ஆயத்தமாக உள்ள பொதுப் போக்குவரத்தாக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளும் நோயாளிகளும் மாரிக்கு முன்னரே பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நாட்டின் நாட்காட்டியும் கிழக்கின் மழையைக் கேட்க வேண்டும். 2024இல் உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி, சில நாட்களிலேயே வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டது. கிழக்கில் நவம்பர் கடைசியில் வெள்ளம் வருவது எதிர்பாராத செய்தி அல்லவே.

பாலம் வேண்டும், நிச்சயமாக வேண்டும். ஈரளக்குளத்துப் பிள்ளை சித்தாண்டிக்கு வந்து படிக்க ஆற்றின் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பாலம் கோடையில் காணும் ஓடைக்குக் கட்டப்படுவதாக இருக்கக் கூடாது. மாரியில் வரும் ஆற்றுக்குக் கட்டப்பட வேண்டும். மார்கழியில் வந்து அளவெடுக்கும் பொறியியலாளரால்தான் ஆடியிலும் மார்கழியிலும் நிற்கும் வீதியைப் போட முடியும்.